மழை நாளில் வெட்டு இல்லை

வைரக்கண்ணு அனுப்பிய குரல் பதிவு ஒரு நிமிடம் நாற்பது விநாடி. அருணன் அதை நான்கு முறை கேட்டுவிட்டான். நான்கு முறையும் கடைசிப் பத்து விநாடி வந்ததும் போனைக் கவிழ்த்து வைத்தான்.

"தம்பி, வைரக்கண்ணு பேசுறேன், சுங்கை பாக்காப். ஞாயித்துக்கெழம காலைல ஒம்பது மணிக்கு மண்டபம் ரெடி. ஸ்பீக்கர் எல்லாம் நம்ம பயலுங்க ஏற்பாடு பண்ணிட்டானுங்க. எரநூறு நாக்காலி போட்டுருக்கோம், பத்தாதுன்னு நெனைக்கிறேன். ஒன்னே ஒன்னு தம்பி, அம்மாவ கண்டிப்பா கூட்டிட்டு வந்துருங்க லா. அவங்களுக்குப் பொன்னாட போத்தணும்னு கமிட்டி முடிவு பண்ணிருச்சு. மழையில நனைஞ்சு மரம் வெட்டி உங்கள ஆளாக்குன அம்மா. எங்க பொம்பளைங்க எல்லாம் அவங்க கையத் தொட்டுப் பாக்கணும்ங்கிறாங்க."

தொட்டுப் பார்க்க வேண்டிய அந்தக் கை இருபத்தெட்டு வருடம் அரசாங்க அலுவலகத்தில் டைப் அடித்த கை. பால் மரம் வெட்டும் கத்தியை, ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் வடிக்கும் அந்தக் கத்தியை, அது கண்காட்சியில்கூடத் தொட்டதில்லை.

அருணன் நடத்தும் பாட்காஸ்டுக்குப் பெயர் 'பெரட்டு'. ரப்பர் தோட்டத்தில் விடியும் முன்னே ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்களே, அந்தப் பெரட்டு. பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனில், பினாங்கு ஸ்திரீட் துணிக்கடை ஒன்றின் மாடியில், பழைய மெத்தைகளைச் சுவரில் அறைந்து சத்தத்தை அடைத்த ஓர் அறை. அங்கே வாரத்துக்கு ஒரு முறை உட்கார்ந்து பேசுவான். டீசல் மானியத்தை எடுத்தால் கோழி விலை ஏன் ஏறுகிறது, தேர்தல் வந்தால் மட்டும் கோயிலுக்குக் கூரை எப்படி வருகிறது, தமிழ்ப் பத்திரிகையில் செய்தியைவிட மரண அறிவிப்பு ஏன் அதிகம், சென்னை நடிகர் வந்து ஆடும் மேடையைப் பார்க்க டிக்கெட்டுக்கு எண்ணூறு வெள்ளி கொடுக்கிறவன் அரிசி விலைக்கு ஏன் கத்துகிறான். இதுதான் பேச்சு. நன்றாகத்தான் பேசுவான், அதை மறுக்க முடியாது. வட்டி விகிதத்தை லாரி ஓட்டுகிறவனுக்கும் விளங்கச் சொல்லத் தெரிந்தவன்.

ஆனால் முதல் பதினொரு பாகங்களை முந்நூறு பேர் கேட்டிருந்தால் அதிகம். ஏன் என்று அவனுக்கும் தெரியும். ஆட்கள் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள், கீழே எழுதிவிட்டுப் போவார்கள். 'நல்லாப் பேசுறான், ஆனா சிலோன்காரன் லா. கிராணி வீட்டுப் பிள்ளைக்கு நம்ம பாடு என்ன தெரியும்?' கிராணி என்றால் தோட்டத்து ஆபீசில் உட்கார்ந்த குமாஸ்தா. பெரட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பெயர் கூப்பிட்டவர். அருணனின் அப்பாவைப் பெற்ற அப்பப்பா குலசேகரம் கெடாவில் ஒரு தோட்டத்தில் முப்பது வருடம் அந்த நாற்காலியில் இருந்தவர். அருணன் மைக் முன்னால் உட்கார்ந்தால் சிலோன் வீட்டுப் பேச்சின் 'எண்டு', 'என்ர' எல்லாவற்றையும் செருப்பைப் போல வாசலில் கழற்றிவிட்டுத்தான் பேசுவான். அப்படியும் ஆட்களுக்கு வாசனை தெரிந்துவிட்டது.

பன்னிரண்டாவது பாகத்தில்தான் அது நடந்தது. பேச வந்தவர் வயதான ஒரு தொழிற்சங்கக்காரர். குறைந்தபட்சச் சம்பளத்தைப் பற்றிப் பேச்சு சூடாகப் போய்க்கொண்டிருந்தபோது அவர் சட்டென்று சிரித்தார்.

"தம்பி, உங்க தாத்தா உக்காந்து பேர் கூப்புட்டாரு. எங்க தாத்தா நின்னுக்கிட்டு கை தூக்குனாரு. இப்ப நீங்க எங்களுக்குப் பெரட்டு கூப்புடுறீங்களா? பலே லா!"

அருணனுக்குக் காது வரை சூடு ஏறியது. அந்தச் சூட்டில் வாய் முந்திக்கொண்டது. "அண்ணே, எங்கம்மா மரம் வெட்டுனவங்க."

அதோடு விட்டிருக்கலாம். பொய் என்பது தனியாக நிற்காது, அதற்குக் கை கால் வைக்க வேண்டும். வைத்தான். அம்மா தலையில் பிளாஸ்டிக் பை கட்டிக்கொண்டு கொட்டும் மழையில் மரம் மரமாக வெட்டிக்கொண்டு போனாள், ஆறு வயதுப் பையன் பின்னாலேயே மங்குக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டு போனான், அம்மாவின் கண்ணில் வடிவது மழையா கண்ணீரா என்று அவனுக்குத் தெரியவில்லை. இரண்டு நிமிடம் சொன்னான். தொழிற்சங்கக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

எதிரே மேசையில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தாள் காமினி. ஒலிப்பதிவும் எடிட்டிங்கும் அவள் வேலை. சுங்கை பாக்காப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள். மழையும் அம்மாவும் அவள் கதை. மூன்று மாதம் முன்னால், கீழே மீ கோரேங் நூடுல்ஸ் கடையில் தட்டு வரக் காத்திருந்தபோது, சும்மா பேச்சு வாக்கில் அவள் சொன்னது.

ஆள் போன பிறகு அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். "இத வைக்கவா அண்ணே, வெட்டவா?"

அருணன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "வை லா," என்றான்.

வைத்தாள். ஒரே வாரத்தில் எண்பதாயிரம் பேர் கேட்டார்கள். பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். இந்த வாய்க்கு விருந்தே வைத்தார்கள். அதன் கடைசிப் பந்திதான் சுங்கை பாக்காப் மண்டபம். 'பெரட்டு' முதன்முதலாக ஆட்கள் முன்னிலையில் நேரடியாகப் பதிவாகப் போகிறது.

*

வியாழக்கிழமை கெலுகோரில் அம்மா வீட்டுக்குப் போனான். செல்வநாயகி சமையலறை மேசையில் பயத்தங்காய் ஒடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஞாயிற்றுக்கிழமை ஒரு நிகழ்ச்சி..."

"தெரியும். சுங்கை பாக்காப். தாட்சாயினி நேற்றுக் கோயிலடியில சொன்னவ."

"என்ன சொன்னவ?"

"'செல்வமக்கா, நீங்கள் மழைக்குள்ள மரம் வெட்டின கதையைக் கேட்டு நான் அழுதுபோனன்' எண்டவ. கட்டிப் பிடிச்சவ." அம்மா ஒரு பயத்தங்காயை நான்காக ஒடித்துத் தட்டில் போட்டாள். "நான் எப்பயடா தம்பி மரம் வெட்டினனான்?"

"அது ஒரு பேச்சுக்கு..."

"பேச்சுக்கோ? ஒரு பேச்சுக்கு என்னைச் செத்துப்போனன் எண்டு சொல்லியிருக்கலாமே. ஆரும் வந்து பார்க்கப் போறேல்ல."

அருணன் தானும் ஒரு காயை எடுத்து ஒடித்தான்.

"உண்மையைச் சொல்லட்டோ," என்றாள் அம்மா. "கேட்ட உடன எனக்கு வந்தது ஒரு அருவருப்பு. ச்சீ, என்னைப் போய்த் தோட்டத்துக்காரி எண்டிட்டானே எண்டு. அவள் தாட்சாயினி என்னைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாள், நான் உள்ளுக்க அதை நினைச்சுக்கொண்டு நிக்கிறன். பிறகு அந்த நினைப்பே வெக்கமாப் போச்சு." ஒரு காயை எடுத்து, ஒடிக்காமல் கையில் வைத்துக்கொண்டாள். "உன்ர அப்பப்பா ஒரு கதை சொல்லுவார். பெயர் கூப்பிடேக்க ஒருத்தன் வரப் பிந்தினால் கூட்டாளி அவன்ர பெயருக்கு 'ஆசர்' எண்டு கத்துவானாம். இவர் குரலை வைச்சே பிடிச்சுப்போடுவார். அண்டைக்கு ரெண்டு பேருக்கும் வேலை இல்லை, லயத்துக்குப் போ எண்டு துரத்திப்போடுவார். பெரிய கெட்டித்தனமாச் சொல்லுவார். நாங்களும் பல்லைக் காட்டிச் சிரிச்சிருக்கிறம்."

"நீங்கள் வரவேண்டாம் அம்மா. உடம்பு சரியில்லை எண்டு சொல்லிப்போடுறன்."

"இன்னொண்டு சொல்லப் போறியோ?"

அருணன் தரையைப் பார்த்தான். வெள்ளை டைல்ஸ். அம்மா வாரத்துக்கு இரண்டு முறை ஆள் வைத்துத் துடைக்கிற தரை.

"வாறன்," என்றாள் அம்மா திடீரென்று.

"என்னம்மா?"

"வாறன் எண்டன். இருநூறு பேருக்கு முன்னால நீ தனிய அகப்பட்டு நிண்டால் நான் இஞ்ச இருந்து என்ன செய்யிறது? போத்துவினம் எண்டால் போத்தட்டும்." கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள். "அந்தக் கத்திக்கு ஏதும் பெயர் இருக்கோ? மங்கு எண்டால் பால் வடியிற கோப்பையோ? கேட்டால் சொல்ல வேணுமே."

பிறகு இரண்டு கைகளையும் விரித்து மேசை விளக்கின் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெளுத்த, மெல்லிய, நகம் வெட்டிய கைகள்.

"கையைப் பார்த்தால் தெரியாதோ? ரெண்டு நாளைக்குக் கிரீம் பூசாமல் விடட்டோ?"

அவன் எழுந்து வெளியே வந்துவிட்டான். காடிக்குள் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து கதவைச் சாத்திய பிறகும் அந்தக் கேள்வி பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டது. வாழ்நாளில் யாரிடமும் ஒரு பொய் சொல்லாத பொம்பளை. அடுத்த வீட்டுக்காரியின் கறி உப்புக் கரித்தால் உப்புக் கரிக்கிறது என்று சொல்லிவிடுகிறவள். அவள் இப்போது பொய்க்கு ஒத்திகை பார்க்கிறாள், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையைப் போல.

*

சனிக்கிழமை மதியம் மாடி அறையில் காமினி மைக் கம்பிகளைச் சுருட்டிப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"காமினி, அந்தப் பன்னண்டாவது பாகத்த எடுத்துரலாமா?"

"எடுத்தா ஏன் எடுத்தன்னு கேப்பாங்க."

"ஆடியோல ஏதோ கோளாறுன்னு சொல்லிரலாம்."

"கோளாறு ஆடியோல இல்லயே அண்ணே." அவள் நிமிரவில்லை. கம்பியைச் சுருட்டும் கை மட்டும் நின்றது. "ஒன்னு கேக்குறேன். மழை பெஞ்சா மரம் வெட்ட மாட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"என்ன?"

"மழை நாள்ல வெட்டு கெடையாது. பட்ட நனைஞ்சிருந்தா பாலு வெட்டுன கோட்டுல ஓடாது, மரம் பூரா வழிஞ்சி தரைக்குப் போயிரும். மங்குல தண்ணிதான் நிக்கும். விடியகாலைல மழை பெஞ்சா ஆளுங்க லயத்து வாசல்ல குந்திக்கிட்டு வானத்தப் பாத்துக்கிட்டு இருப்பாங்க. நின்னா, மரம் காஞ்சா, போவாங்க. நிக்கலன்னா அன்னிக்கு வேலயும் இல்ல, சம்பளமும் இல்ல. தோட்டத்துல பொறந்த நாய்க்குட்டிக்குக்கூட இது தெரியும்."

அருணன் மெத்தை அறைந்த சுவரைப் பார்த்தான். குறைந்தபட்சச் சம்பளம் பற்றி நாற்பத்திரண்டு பக்க அறிக்கை படித்தவன் அவன். அதில் மழை இல்லை.

"நான் உங்ககிட்ட சொன்னது வேற கத. மழை வரணும், மழை வரணும்னு நான் சாமி கும்புட்டுக்கிட்டு இருப்பேன். மழை வந்தா எங்கம்மா வீட்ல இருப்பாங்கல்ல, அதுக்கு. ஒரு நா அத எங்கம்மா கேட்டுட்டாங்க. முதுகுல வச்சாங்க ஒன்னு. அடிச்சிட்டு அப்பறம் அவங்களே அழுதாங்க. நீங்க என்ன பண்ணீங்க, மழையையும் அம்மாவையும் அழுகையையும் மட்டும் எடுத்துக்கிட்டு நடுவுல இருந்தத விட்டுட்டீங்க."

"அப்பவே ஏன் சொல்லல?"

காமினி இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில்.

"சொன்னா? திருத்தி, இன்னும் நல்லாச் சொல்லிருப்பீங்க லா."

யாரோ கன்னத்தில் அறைந்தால் கையைப் பிடிக்கலாம். இதற்கு எதைப் பிடிப்பது?

"அந்தத் தப்பாவது அதுல இருக்கட்டும்னு விட்டேன்," என்றாள். "கேக்குற ஆளுங்களுக்குத் தெரியும்."

"எண்பதாயிரம் பேர் கேட்டாங்க. ஒருத்தர்கூட எழுதலையே?"

"எழுத மாட்டாங்க. சிரிச்சிருப்பாங்க. பாவம், நல்ல பையன், நமக்காகப் பேசுறான், நம்மாளுன்னு சொல்லிக்க ஆசப்படுறான், போவட்டும்னு விட்ருப்பாங்க." பெட்டியை மூடினாள். "எங்கம்மாவுக்கும் போட்டுக் காட்டுனேன். பேர் தெரியுமில்ல, தைலம்மா. நாளைக்கி அவங்களும் வருவாங்க."

"என்ன சொன்னாங்க?"

"'ஐயோ பாவம், இந்தப் பையன் அம்மாவும் நம்ம மாரியே பட்டிருக்கா'ன்னாங்க. அப்பறம் கொஞ்ச நேரம் கழிச்சி, 'ஏன்டி, மழையில எந்தக் கூறுகெட்டவ மரம் வெட்டுவா'ன்னாங்க."

"காமினி, நான்..."

"நாளைக்கி நாலு மைக் போதுமா, ஆறு எடுத்துக்கவா?"

"நாலு போதும்," என்றான் அருணன்.

*

ஞாயிற்றுக்கிழமை தீவிலிருந்து பாலத்தைக் கடக்கும்போதே பெருநிலத்து மலைகளின் மேல் மேகம் கறுத்துக் கிடந்தது. செல்வநாயகி பட்டு கட்டவில்லை. வெளுத்த நூல் சேலை ஒன்றைத் தேடி எடுத்துக் கட்டியிருந்தாள். கைகள் மடியில் கவிழ்ந்து கிடந்தன. வறண்டு, விரல் முட்டிகளில் வெள்ளை பூத்திருந்தது. இரண்டு நாள் கிரீம் பூசாததற்கு அவ்வளவுதான் பலன்.

ரப்பர் எல்லாம் போய் எண்ணெய்ப்பனை வந்து, அதிலும் பாதி தாமான் குடியிருப்பு வீடுகளாகிவிட்ட இடம். கோயிலுக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட மண்டபம். வாசலில் பேனர் கட்டியிருந்தார்கள். 'மரம் வெட்டி மகனை வளர்த்த தாய்க்கு மரியாதை'. அம்மா அதன் முன்னால் நின்று, எழுத்துப் பிழை பார்க்கிறவளைப் போல ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள்.

"வாங்கம்மா, வாங்க வாங்க!" வைரக்கண்ணு ஓடி வந்தார். பனங்குலை லாரி ஓட்டி ஓட்டி ஒரு பக்கக் கை மட்டும் கருத்த மனிதர். "தம்பி, பாத்தீங்களா கூட்டத்த? எம்.பி. வந்தாக்கூட இவ்ளோ பேர் வர மாட்டாங்க. அவருக்கு நாங்க சோறு போடணும், பஸ் விடணும்!"

பெண்கள் அம்மாவை ஒரு நாற்காலியில் உட்காரவைத்துச் சூழ்ந்துகொண்டார்கள். ஒவ்வொருத்தியாகக் கையைப் பிடித்தார்கள். அம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பை அருணன் இதற்கு முன் பார்த்ததில்லை. அது திருடியின் சிரிப்பு. நல்ல மனுஷியின் முகத்தில் அதை ஒட்டவைத்தவன் அவன்.

பச்சைச் சேலை கட்டிய ஒல்லியான அம்மாள் ஒருத்தி முறை வந்ததும் கையை உடனே விடவில்லை. அம்மாவின் உள்ளங்கையைத் திருப்பி, கட்டைவிரலால் ஒரு முறை நெடுக அழுத்தித் தடவிப் பார்த்தாள். ஒலிப்பதிவு மேசைக்குப் பின்னாலிருந்து காமினி பார்த்துக்கொண்டிருந்தாள். அது தைலம்மா என்று அருணனுக்கு அப்போதுதான் விளங்கியது.

"கை மெத்துன்னு இருக்கும்மா உங்களுக்கு," என்றாள் தைலம்மா.

பக்கத்தில் நின்றவள் முந்திக்கொண்டாள். "மரத்த விட்டு முப்பது வருஷம் ஆச்சில்ல அக்கா, மெத்துன்னுதான் ஆயிரும்."

"எனக்கும் முப்பது வருஷம் ஆச்சிடி," என்றாள் தைலம்மா. தன் கையை விரித்துக் காட்டவில்லை. அம்மாவின் கையை மெதுவாக அவள் மடியிலேயே வைத்துவிட்டு, மூன்றாவது வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

நிகழ்ச்சி தொடங்கிப் பத்து நிமிடம் இருக்காது. கூரையில் முதலில் நாலு கல் விழுந்த மாதிரி இருந்தது. பிறகு மழை பிடித்துக்கொண்டது.

"பாத்தீங்களா!" வைரக்கண்ணு மைக்கில் கத்தினார். "அம்மா வந்தாங்க, மழையும் வந்துருச்சு!"

"மழையில வெட்டுன அம்மாவாச்சே!" பின்வரிசையிலிருந்து ஒரு குரல். கூட்டம் சிரித்தது. நக்கல் இருந்தது அந்தச் சிரிப்பில், ஆனால் விஷம் இல்லை. காமினி சொன்னது சரிதான். எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

முன்வரிசையில் ஒரு கிழவர் எழுந்து கையை உயர்த்தினார். "டேய், சும்மா இருங்கடா. கடைசிக் காலத்துல மரத்துக்கு ரெயின்கார்டு அடிச்சாங்கல்ல, பாவாட கட்டுன மாரி பிளாஸ்டிக்கு? அது இருந்தா தூறல்ல வெட்டலாம். அம்மா அந்த மரம் வெட்டிருப்பாங்க."

"அதான் லா!" என்றார் வைரக்கண்ணு நிம்மதியாக. "ரெயின்கார்டு மரம். அப்படித்தானே தம்பி?"

வழி விட்டுக் கொடுக்கிறார்கள். தெரிந்தே, ஒதுங்கி நின்று, இந்தா போ என்று கதவைத் திறந்து பிடிக்கிறார்கள். 'ஆமா' என்று ஒரு சொல் போதும். அருணன் மைக்கைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் வாய் திறக்காததைக் கண்டு அவள் வாய் திறந்தது. உதடு குவிந்தது. 'ஓம்' என்று சொல்லப் போகிறாள். மகனுக்காக, இருநூறு பேர் முன்னால், அவள் வாழ்க்கையின் முதல் பொய்.

"இல்ல அண்ணே," என்றான் அருணன். "எங்கம்மா மரம் வெட்டல."

அதற்குள் மழை வலுத்துத் தகரத்தைப் பிளந்துகொண்டிருந்தது. வைரக்கண்ணு காதில் கை வைத்தார். "என்னா?"

"எங்கம்மா மரம் வெட்டல! நான் சொன்னது பொய்!"

வைரக்கண்ணு பெரிதாகத் தலையாட்டினார். அவர் தலையாட்டியதைப் பார்த்துக் கூட்டம் கை தட்டியது. கை தட்டும் சத்தமும் மழையில் கரைந்தது. யாரோ பொன்னாடையைப் பிரித்து அம்மாவின் தோளில் போர்த்திவிட்டார்கள். சரிகை போட்ட சிவப்புப் பொன்னாடை. அம்மா அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

காமினி ஒரு காதிலிருந்து ஹெட்போனைத் தூக்கினாள். இல்லை என்று தலையாட்டினாள். மேசையைச் சுற்றி வந்து அவன் காதருகே குனிந்தாள்.

"உங்க வாயப் பாத்து எனக்கு மட்டும் வெளங்குச்சு. வேற யாருக்கும் விழல, பதிவுலயும் மழைதான் இருக்கு. நின்னதும் திரும்பச் சொல்லுங்க."

அவ்வளவுதான். போய் உட்கார்ந்துகொண்டாள்.

மழை விடுகிற வரை பேசிப் பயனில்லை என்று வைரக்கண்ணு சைகை காட்டினார். பெரிய கேத்தலில் தேநீர் வந்தது, பருப்பு வடை வந்தது. கூட்டம் அலட்டிக்கொள்ளவில்லை. மழைக்குக் காத்திருந்து பழகிய ஜனம். ஆண்கள் வாசலில் குந்திக்கொண்டு வானத்தைப் பார்த்தார்கள். ஒரு முறை திரட்டிய தைரியம் அருணனுக்கு அந்தக் காத்திருப்பில் சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டிருந்தது. சொல்லியாகிவிட்டது, கடவுளுக்கும் காமினிக்கும் விளங்கிவிட்டது, போதாதா? மழை நின்றதும் அரிசி விலையைப் பேசிவிட்டுப் போய்விடலாம். யாருக்குத் தெரியப் போகிறது?

"சொல்லிப்போட்டாயோ?" என்றாள் அம்மா, முன்னால் பார்த்தபடியே.

"சொல்லிட்டன். கேக்கேல்ல."

"திரும்பவும் சொல்லுவியோ?"

அம்மா பொன்னாடையின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். கழற்றவும் முடியாமல் வைத்திருக்கவும் முடியாமல், ஜவுளிக்கடைப் பொம்மையைப் போல. இருபத்தைந்து நிமிடம் அப்படி உட்கார்ந்திருந்தாள்.

சத்தம் தேய்ந்தது. கூரையின் ஓரத்திலிருந்து சொட்டும் தண்ணீர் மட்டும் மிஞ்சியது. காமினி ஹெட்போனை மாட்டிக்கொண்டு கையை உயர்த்தினாள். மூன்று விரல். இரண்டு. ஒன்று.

"எங்கட அம்மா மரம் வெட்டினவ எண்டு நான் சொன்னது பொய்," என்றான் அருணன்.

வாசலில் கழற்றிவிட்டு வந்த பேச்சு எப்போது காலில் ஏறியது என்று அவனுக்கே தெரியவில்லை. மண்டபத்தில் தேநீர்க் குவளையை வைக்கும் சத்தம் நின்றது.

"அவ டைப்பிஸ்டா இருந்தவ. எங்க அப்பப்பா கிராணி. அந்த மழைக் கதை வேற ஒரு வீட்டுக் கதை. கேக்காம எடுத்தேன். அதையும் தப்பாச் சொன்னேன். மழை நாள்ல வெட்டு இல்லன்னு எனக்கு நேத்துதான் தெரியும். உங்க எல்லாருக்கும் முன்னாடியே தெரியும். தெரிஞ்சும் என்னைக் கூப்பிட்டீங்க." அம்மா பக்கம் கையைக் காட்டினான். "அம்மாவுக்கு இதுல பங்கு இல்ல. என்னைக் காப்பாத்த வந்தாங்க."

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ரெயின்கார்டு கிழவர் வேறு பக்கம் பார்த்தார், தன் பொய் பிடிபட்டதைப் போல. வைரக்கண்ணு மைக்கை மேசையில் வைத்தார்.

"பரவால்ல தம்பி," என்றார் கடைசியில். குரலில் 'பரவாயில்லை' இல்லை. "பேனருக்குத்தான் ரெண்டு நாள் அலஞ்சேன்."

அம்மா எழுந்தாள். பொன்னாடையைக் கழற்றி அழகாக நான்காக மடித்தாள். யாரிடம் கொடுப்பது என்று சுற்றிப் பார்த்தாள். ஒருவரும் கை நீட்டவில்லை. அவள் கண், தன் உள்ளங்கையைத் தடவிப் பார்த்த தைலம்மாவிடம் போய் நின்றது.

"எனக்கு வேணாம்மா," என்றாள் தைலம்மா, உட்கார்ந்த இடத்திலிருந்தே. "உங்க மகன் நாலு வார்த்த சொன்னதுக்காக யாரும் இத என் மேல போட வேணாம்."

அம்மா அதை நாற்காலியில் வைத்தாள். அந்த நாற்காலியில் பிறகு யாரும் உட்காரவில்லை.

ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். மழை விட்டிருந்தது, அவரவர் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக் கிளப்பினார்கள். பாதிப் பேர் இருந்தார்கள், மீதி நிகழ்ச்சியைக் கேட்க. அருணன் அரிசி விலையைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினான். கணக்கெல்லாம் சரியாகத்தான் சொன்னான். அவன் சொன்னதை அவனே நம்பாத மாதிரி இருந்தது.

எல்லாம் முடிந்து காமினி கம்பிகளைச் சுருட்டும்போது பக்கத்தில் போய் நின்றான்.

"பதிவாச்சா?"

"ஆச்சு." கம்பியை முழங்கையில் சுற்றிக்கொண்டே கேட்டாள். "வைக்கவா அண்ணே, வெட்டவா?"

"வெட்டாத," என்றான். "காமினி, பேர சொல்லாம உங்க..."

"எங்கம்மா கதைய நீங்க சொல்ல வேணாம்," என்றாள். "நல்லபடியாவும் சொல்ல வேணாம்." பெட்டியைத் தூக்கிக்கொண்டு, வாசலில் காத்திருந்த தைலம்மாவோடு நடந்தாள்.

திரும்பும் வழியில், பாலம் ஏறியதும், அம்மா கைப்பையைத் திறந்து எதையோ தேடினாள். சிறிய கிரீம் குழாய். இரண்டு நாளும் அதைப் பையிலேயேதான் வைத்திருந்திருக்கிறாள். மூடியைத் திறந்து, உள்ளங்கையில் கொஞ்சம் பிதுக்கி, விரல் விரலாகப் பூசத் தொடங்கினாள். காடி முழுக்க மல்லிகை வாசனை. அருணன் ஜன்னலை இறக்க நினைத்தான், இறக்கவில்லை.